தெளிந்த காற்றில் லேசர் எதைப் பார்க்கிறது? ஏயோலஸ், காதங்கி, காற்றாலை லைடார்

கரிசல்காற்று எழுதியது:

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏயோலஸ் செயற்கைக்கோளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2018 ஆகஸ்ட் 22 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவியிருக்கிறார்கள். 320 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புற ஊதா லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, எந்த உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று கணக்கிட்டிருக்கிறது. இப்படி லேசரை அனுப்பி, திரும்பும் ஒளியைக் கொண்டு அளக்கும் கருவியைத்தான் லைடார் என்கிறார்கள். டாப்ளர் விளைவு பள்ளியில் படித்ததுதான், அதுவரை சரி.

எனக்கு இடிப்பது இந்த இடம். மேகமோ தூசியோ இருந்தால் அது காற்றோடு சேர்ந்து நகரும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி காற்றின் வேகத்தைச் சொல்லும். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேகமே இல்லாத சுத்தமான காற்றிலும் அளந்ததாகச் சொல்கிறார்கள். அங்கே ஒளியைச் சிதறடிக்க நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை விட்டால் வேறொன்றும் இல்லை. அந்த மூலக்கூறுகளோ வெப்பத்தால் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் களேபரத்துக்குள்ளிருந்து நொடிக்கு 2 மீட்டர் அளவில் காற்றை எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஒளித்துகள் எழுதியது:

நல்ல கேள்வி. ஏயோலஸின் உயிர்நாடியே இதுதான். நான் ஒளியியல் கருவிகளோடு வேலை செய்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஏயோலஸ் பயன்படுத்திய அலைநீளம் 355 நானோமீட்டர். லேசரின் திசையில் காற்று நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால், ஒளி போய்த் திரும்புவதால் இரண்டு மடங்கு டாப்ளர் விலகல் கிடைக்கும். கணக்குப் போட்டால் சுமார் 5.6 மெகாஹெர்ட்ஸ். மூல ஒளியின் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால் இது 15 கோடியில் ஒரு பங்கு.

அடுத்து, நீங்கள் சொன்ன வெப்ப இயக்கம். 250 கெல்வின் வெப்பநிலையில் ஒரு காற்று மூலக்கூறின் வேகம், லேசரின் கோட்டின் வழியாகப் பார்த்தால், நொடிக்குச் சுமார் 270 மீட்டர் என்ற அளவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறிக் கிடக்கும். ஆகவே திரும்பி வரும் ஒளி கூர்மையான ஒற்றை அதிர்வெண்ணாக வராது. கிகாஹெர்ட்ஸ் கணக்கில் அகன்ற ஒரு மேடாகத்தான் வரும். அந்த மேட்டின் அகலம் வெப்பநிலையைச் சொல்கிறது, அதன் மையம் காற்றின் வேகத்தைச் சொல்கிறது. மழை விட்ட சாயங்காலம் விளக்கைச் சுற்றும் ஈசல் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஈசலும் தன் போக்கில் வெறிகொண்டு பறக்கும். ஆனாலும் வாடைக்காற்று அடித்தால் மொத்தக் கூட்டமும் மெதுவாக ஒரு பக்கம் ஒதுங்குவதை நம்மால் பார்க்க முடியும். நமக்கு வேண்டியது அந்த ஒதுங்கல் மட்டுமே.

மையத்தை எவ்வளவு துல்லியமாகப் பிடிக்கலாம் என்பது எத்தனை ஃபோட்டான்களை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது. பிழை, ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். 270 மீட்டர் அகலமுள்ள மேட்டின் மையத்தை 2 மீட்டருக்குள் பிடிக்க வேண்டுமானால் 135-இன் வர்க்கம், அதாவது சுமார் 18,000 ஃபோட்டான்கள். இது குறையே இல்லாத கருவிக்கான கணக்கு. உண்மையான கருவிக்கு இதைவிட அதிகம் வேண்டும். ஏயோலஸ் நொடிக்குச் சுமார் 50 துடிப்புகள் அனுப்பி, சுத்தமான காற்றில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரம் பறக்கும் வரை வந்த ஒளியைச் சேர்த்து, அதிலிருந்து எந்த உயரத்தில் எவ்வளவு காற்று என்ற ஒரு வரைவைத் தந்தது.

355-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். மூலக்கூறுச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். 532 நானோமீட்டர் பச்சை ஒளியைவிட 355-இல் ஐந்து மடங்கு சிதறல் கிடைக்கும்.

கேள்விக்குறி எழுதியது:

> பிழை, ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும்

இது தாறுமாறாக வரும் பிழைக்குத்தானே பொருந்தும்? கருவியே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கோடி ஃபோட்டான் எண்ணினாலும் அந்தச் சாய்வு போகாது. 15 கோடியில் ஒரு பங்கை அளக்கும் கருவி, விண்வெளியின் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிச் சுற்றும்போது நிலையாக இருக்கும் என்று எப்படி நம்புவது? இன்னொன்று, செயற்கைக்கோளே நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதன் டாப்ளர் விலகலுக்கு முன்னால் காற்றுடையது எம்மாத்திரம்?

ஒளித்துகள் எழுதியது:

கேள்விக்குறி நண்பரே, இரண்டுமே சரியான இடத்தில் விழும் அடி.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏயோலஸ் நேர்கீழே பார்க்கவில்லை, முன்னாலும் பார்க்கவில்லை. தன் பாதைக்குச் செங்குத்தாக, 35 டிகிரி சாய்த்து, பக்கவாட்டில் பார்த்தது. பாதைக்குச் செங்குத்தான திசையில் செயற்கைக்கோளின் சொந்த வேகம் ஏறக்குறைய பூச்சியம். பூமி சுழல்வதையும் ஈடுசெய்யும்படி கோளைச் சற்றே திருப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கோள் தன் பார்வையில் ஒரு ரேடியனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறினால், 0.77 மீட்டர் பொய்க்காற்று உள்ளே வந்துவிடும். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. லேசர் தரையையும் தொட்டுத் திரும்புகிறது, தரை நகராது. தரையிலிருந்து வந்த ஒளி பூச்சியம் காட்டாவிட்டால் எங்கோ கோளாறு என்று பொருள்.

இனி முதல் கேள்வி. மேட்டின் மையத்தைக் கண்டுபிடிக்க ஏயோலஸ் முழு மேட்டையும் வரையவில்லை. மேட்டின் இரண்டு சரிவுகளிலும் ஆளுக்கொரு குறுகிய வடிகட்டி. ஃபாப்ரி-பெரோ வகை. இரண்டின் வழியாகவும் வரும் ஒளியின் விகிதத்தைப் பார்த்தால் போதும். மையம் வலப்பக்கம் நகர்ந்தால் வல வடிகட்டியில் ஒளி கூடும், இட வடிகட்டியில் குறையும். எளிமையான, அழகான ஏற்பாடு. மேகம், தூசி இவற்றிலிருந்து வரும் கூர்மையான ஒளிக்கு ஃபிஸோ வகைக் குறுக்கீட்டுமானி தனியாக இருந்தது.

ஆனால் வடிகட்டிக்குள் ஒளி எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பது மிக முக்கியம். கோணம் துளி மாறினாலும் விகிதம் மாறும், அது காற்று மாறியது போலவே தெரியும். நடந்தது அதுதான். ஏவிய பிறகு, காற்றளவில் ஒரு சாய்வு தெரிந்தது. ஒரே சுற்றுக்குள்ளேயே அது மாறிக்கொண்டும் இருந்தது, சில இடங்களில் நொடிக்கு 8 மீட்டர் வரை. காரணத்தைத் தேடிப் போனால் தொலைநோக்கியின் முதன்மைக் கண்ணாடியில் வந்து நின்றது. 1.5 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கண்ணாடியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் வெப்பநிலையில் மிகச் சிறிய வேறுபாடு. பாலைவனத்துக்கு மேலே போகும்போது பூமியிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சு ஒரு மாதிரி, உயர்ந்த குளிர்ந்த மேகங்களுக்கு மேலே போகும்போது வேறு மாதிரி. கண்ணாடி அதற்கேற்பத் துளியளவு வடிவம் மாறியது. குவியம் மாறியது. வடிகட்டிக்குள் நுழையும் கோணம் மாறியது.

கண்ணாடியின் மேல் வெப்பமானிகள் பொருத்தியிருந்தார்கள். அவற்றின் அளவுகளையும் காற்றுச் சாய்வையும் பொருத்திப் பார்த்து, சாய்வைக் கழிக்கும் முறையை உருவாக்கினார்கள். 2020 ஏப்ரல் 20 முதல் அது வழக்கமான தரவிலேயே சேர்ந்துவிட்டது. பறந்துகொண்டிருக்கும் ஒரு கருவியைத் தொட முடியாமல், எண்களை மட்டும் பார்த்தே அதன் கண்ணாடி எங்கே வளைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். லைடார் துறையில் எனக்கு இதைவிடப் பிடித்த கதை இல்லை.

கேள்விக்குறி எழுதியது:

> அவற்றின் அளவுகளையும் காற்றுச் சாய்வையும் பொருத்திப் பார்த்து

சாய்வு என்று சொல்ல, உண்மையான காற்று எவ்வளவு என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது? வானிலை மாதிரியிலிருந்து என்றால், மாதிரியைக் கொண்டு கருவியைத் திருத்தி, திருத்திய கருவியைக் கொண்டு மாதிரியைத் திருத்துகிறார்கள். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது போல இருக்கிறதே.

ஒளித்துகள் எழுதியது:

ஆமாம், ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரிக் காற்றைத்தான் ஒப்பீட்டுக்கு எடுத்தார்கள். ஆனால் மாதிரியிலிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று பாருங்கள். வெப்பமானிகளின் அளவுகளை ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டில் வைத்து, உலகம் முழுக்கக் கிடைத்த ஏராளமான அளவீடுகளின் சராசரியிலிருந்து அதன் சில கெழுக்களை மட்டும் கண்டுபிடிக்கிறார்கள். கெழுக்கள் கிடைத்த பிறகு, வங்கக் கடலுக்கு மேலே இன்று காலை எடுத்த ஒரு தனி அளவீட்டுக்கு மாதிரி எதையும் சொல்வதில்லை. அங்கே மாதிரி மேற்குக் காற்று என்றும் லேசர் கிழக்குக் காற்று என்றும் சொன்னால், லேசரின் கிழக்கு அப்படியே நிற்கும்.

மாதிரியே வேண்டாம், தரையிலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் வைத்துத் திருத்தலாமா என்றும் முயன்றார்கள். புற ஊதாவில் நன்றாக ஒளிரும் தரை பனிப்பரப்புகள்தான். அண்டார்க்டிகா, கிரீன்லாந்து போன்ற இடங்களில் நல்ல சமிக்ஞை கிடைத்தது, மற்ற இடங்களில் போதவில்லை. இதற்கெல்லாம் வெளியே பலூன்கள், விமானத்தில் பறந்த லைடார்கள், தரையில் இருக்கும் ரேடார்கள் என்று தனித்தனியாக ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. அதற்கு விடை இந்தத் தனிச் சோதனைகளில்தான் இருக்கிறது.

வங்கக்கடல் எழுதியது:

எனக்குக் கருவியைவிட அதன் பலன்தான் முக்கியம். புயல் காலத்தில் வானிலைப் படங்களை உட்கார்ந்து பார்ப்பவன் நான்.

வெப்பமண்டலத்தில் காற்றை நேராக அளப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களில் அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் மேல்காற்றை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். பூமியின் சுழற்சி விசையும் அழுத்தச் சரிவும் அங்கே சமநிலையில் இருக்கும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சுழற்சி விசை குறைந்து அந்தச் சமநிலை உடைகிறது. நம் பக்கத்தில் வெப்பநிலையை அளந்துவிட்டுக் காற்றை ஊகிக்க முடியாது. காற்றைத்தான் அளக்க வேண்டும்.

எதை வைத்து அளக்கிறோம்? பலூன்கள் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை, அதுவும் நிலத்திலிருந்துதான் போகின்றன. கடலுக்கு மேலே விமானங்கள் பறக்கும் உயரத்தில் கொஞ்சம், மேகங்கள் நகர்வதைச் செயற்கைக்கோள் படத்தில் பின்தொடர்ந்து கொஞ்சம். மேகம் இல்லாத இடம் வெற்றிடம். ஐரோப்பிய மையம் 2020 ஜனவரி 9 முதல் ஏயோலஸ் தரவைத் தினசரி முன்கணிப்பில் சேர்த்தது. அதிகப் பலன் தெரிந்த இடங்கள் வெப்பமண்டலமும் தென் அரைக்கோளமும். அந்த ஆண்டே கொரோனாவால் விமானங்கள் நின்று, விமானங்கள் தரும் காற்றளவுகள் பெருமளவு குறைந்தபோது ஏயோலஸ் மேலே இருந்தது பெரிய உதவி.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் திட்டத்துக்கு 1999-இல் ஒப்புதல் கிடைத்தது. 2007-இல் பறந்திருக்க வேண்டியது, 2018-இல்தான் பறந்தது. ஒளித்துகள் அண்ணா, ஏன் அவ்வளவு தாமதம்?

ஒளித்துகள் எழுதியது:

லேசர்தான் காரணம். வலுவான புற ஊதா ஒளி வெற்றிடத்தில் தன் சொந்தக் கண்ணாடிகளையே கெடுத்துவிடும். கருவிக்குள் இருக்கும் பசை, பிளாஸ்டிக் போன்றவற்றிலிருந்து கசியும் கரிம ஆவி, ஒளி படும் இடத்தில் கரியாகப் படியும். படிந்த இடம் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, பூச்சு சிதையும். தரையில் காற்றுக்குள் நன்றாக ஓடிய லேசர், வெற்றிட அறையில் வைத்ததும் மங்கியது. கடைசியில் கருவிக்குள் சிறிதளவு ஆக்ஸிஜனைக் கசியவிட்டு, படியும் கரியை அவ்வப்போதே எரித்துவிடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பறந்த பிறகும் முதல் லேசரின் ஆற்றல் குறைந்துகொண்டே வந்தது. 2019 ஜூனில் இரண்டாவது லேசருக்கு மாற்றினார்கள்.

மூன்று ஆண்டுக்குத் திட்டமிட்ட கோள் 2023 ஏப்ரல் 30 வரை அளந்தது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று, மீதமிருந்த எரிபொருளால் வழிகாட்டி, அண்டார்க்டிகாவுக்கு மேலே வளிமண்டலத்தில் எரிய விட்டார்கள்.

காற்றாலைக்காரன் எழுதியது:

நான் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் காற்றளவை வேலையில் இருக்கிறேன். நாங்கள் தினமும் புழங்கும் லைடார் வேறு ஜாதி, அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

முன்பெல்லாம் காற்றாலை வைக்கும் முன் உயரமான இரும்புக் கோபுரம் நட்டு, கிண்ணக் காற்றுமானிகளைப் பொருத்தி வருடக்கணக்கில் அளப்போம். இப்போது பெட்டி போன்ற டாப்ளர் லைடாரைத் தரையில் வைத்தால் 40 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை, விசிறி சுழலும் உயரம் முழுக்க அளவு கிடைக்கிறது. அலைநீளம் 1.5 மைக்ரோமீட்டர் அளவில். கண்ணுக்கு ஆபத்தில்லாதது, தொலைத்தொடர்பு இழைகளுக்காக வளர்ந்த உதிரிபாகங்களே இதற்கும் பொருந்தும். இது மூலக்கூறைப் பார்ப்பதில்லை, காற்றில் மிதக்கும் தூசியைத்தான் பார்க்கிறது. திரும்பிய ஒளியோடு மூல லேசரின் ஒரு துளியைக் கலந்தால் இரண்டுக்கும் இடையே விம்மல் எழும். அந்த விம்மலின் அதிர்வெண்தான் டாப்ளர் விலகல். நொடிக்கு 1 மீட்டருக்கு 1.3 மெகாஹெர்ட்ஸ் வரும், சாதாரண மின்னணுவே அதை எண்ணிவிடும். ஏயோலஸ் பட்ட பாடெல்லாம் இதற்கு இல்லை.

பாடு வேறு இடத்தில். லேசர் தன் கோட்டின் வழியாக மட்டுமே வேகத்தைச் சொல்லும். அதனால் கூம்பு வடிவில் நான்கைந்து திசைகளில் சாய்த்துப் பார்த்து, எல்லாத் திசையிலும் ஒரே காற்றுதான் வீசுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. சமவெளியில் அது சரி. ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி மலையடிவாரத்தில் கூம்பின் ஒரு பக்கம் காற்று மேலேறும், மறுபக்கம் கீழிறங்கும். அப்போது சராசரி வேகத்திலேயே சில சதவீதம் பிழை வரும். சில சதவீதம்தானே என்று விட முடியாது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், வேகத்தில் 3 சதவீதம் தவறினால் ஆற்றலில் 9 சதவீதம் தவறும். மலைப்பாங்கான இடத்தில் ஒரு கோபுரத்தையாவது பக்கத்தில் நட்டு ஒப்பிடாமல் லைடார் எண்ணை மட்டும் நம்பி முதலீடு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நல்ல மழை பெய்து காற்று கழுவிவிட்டது போல ஆன நாட்களில் தூசியே இருக்காது, மேல் உயரங்களில் தரவு விட்டுப்போகும். மழை பெய்யும்போது துளிகள் விழும் வேகம் செங்குத்து வேகத்தில் கலந்துவிடும்.

கடலில் கோபுரம் நடுவது பெருஞ்செலவு என்பதால் அங்கே லைடாரின் மதிப்பு இன்னும் கூடுதல். சென்னையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் 2017-இல் குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் ஒரு மேடை அமைத்து லைடார் வைத்தது.

தென்சீனம் எழுதியது:

ஹாங்காங்கில் வசிக்கிறேன். இங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே லந்தாவ் தீவின் மலைகள், 900 மீட்டருக்கு மேல். தென்கிழக்கிலிருந்து காற்று மலையைக் கடந்து வரும்போது, வானம் தெளிவாக இருந்தாலும் ஓடுதளத்துக்கு அருகே காற்று திடீரென்று திசை மாறும், விமானம் குலுங்கும். மழை இருந்தால்தான் டாப்ளர் ரேடாருக்குத் தெரியும், தெளிந்த காற்றில் அதற்குக் கண் இல்லை. அதனால் ஹாங்காங் வானிலை ஆய்வகம் 2002-இல் இங்கே ஒரு டாப்ளர் லைடாரை வைத்தது. விமானம் இறங்கும் பாதையையே லேசரால் வருடி, காற்று மாற்றத்தைக் கண்டால் தானாகவே எச்சரிக்கை தரும் முறை 2005 முதல் நடக்கிறது. விமானிகளுக்கு அந்தச் சில நிமிட முன்னறிவிப்பு போதும்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

எல்லாரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். வெப்பநிலையைப் பற்றி நான் எழுதுகிறேன். நம் பக்கத்திலேயே, திருப்பதிக்கு அருகே காதங்கியில், தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 1998 முதல் ஒரு லைடார் இயங்கிவருகிறது. ஜப்பானின் தகவல்தொடர்பு ஆராய்ச்சிக் கூடத்தோடு சேர்ந்து அமைத்தது. 532 நானோமீட்டர் பச்சை லேசர், மூலக்கூறு ஒளியைச் சேர்க்க 75 சென்டிமீட்டர் தொலைநோக்கி. பகல் வெளிச்சத்தில் இந்தச் சமிக்ஞை மூழ்கிவிடும் என்பதால் மேகமில்லாத இரவுகளில்தான் வேலை. பருவமழை மாதங்களில் நல்ல இரவு கிடைப்பதே அரிது.

இதில் வெப்பநிலை கிடைக்கும் விதம் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும். ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். போய் வர வேண்டியிருப்பதால், ஒரு மைக்ரோ நொடி தாமதம் என்றால் 150 மீட்டர் உயரம். ஒவ்வொரு தாமதத்திலும் எத்தனை ஃபோட்டான் வந்தது என்று எண்ணி, தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி எப்படி மாறுகிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலே இருக்கும் காற்றின் எடையைத் தாங்குகிறது. ஆகவே உச்சியிலிருந்து அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே இறங்கினால் அழுத்தம். அழுத்தமும் அடர்த்தியும் தெரிந்தால் வாயு விதியிலிருந்து வெப்பநிலை. பிரான்ஸின் ஓசெர்கோர்ன், ஷானான் இருவரும் 1980-இல் தெளிவாக்கிய முறை இது.

உச்சியில், 80 கிலோமீட்டர் வாக்கில், தொடக்க அழுத்தத்தை ஊகித்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிக்கொண்டே போவதால், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இறங்குவதற்குள் அந்த ஊகத்தின் பிழை பெரிதும் கரைந்துவிடும். அடர்த்தி எத்தனை என்ற முழு அளவுகூடத் தேவையில்லை, விகிதம் போதும். லேசரின் ஆற்றலோ, கண்ணாடியின் தூசியோ விடையைக் கெடுக்காது.

கரிசல்காற்று எழுதியது:

வாத்தியார் ஐயா, இந்த முறையைத் தரை வரைக்கும் கொண்டுவர முடியாதா? ஏன் 30 கிலோமீட்டரோடு நிறுத்திவிடுகிறார்கள்?

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

அதற்குக் கீழே தூசி கலந்துவிடும் தம்பி. எரிமலை வெடித்தால் கந்தக அமிலத் துளிகள் ஸ்ட்ரேட்டோஸ்பியரில் ஆண்டுக்கணக்கில் மிதக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்தபோது ஹவாயின் மௌனா லோவாவில் இருந்த லைடார் அந்தப் படலம் வந்து, பரவி, சில ஆண்டுகளில் மெல்லக் குறைவதை முழுவதும் பதிவுசெய்தது. தூசியிலிருந்து வரும் ஒளியையும் சேர்த்து எண்ணினால் அடர்த்தி கூடுதலாகத் தெரியும், வெப்பநிலை தவறும். மேற்கொண்டு ஒளித்துகள் சொல்லட்டும்.

ஒளித்துகள் எழுதியது:

தூசி என்று வந்துவிட்டால், எல்லா லைடார்காரர்களையும் வாட்டும் சிக்கலுக்கு வந்துவிட்டோம். ஓர் உயரத்திலிருந்து வரும் ஒளி இரண்டைப் பொறுத்தது. அங்கே தூசி எவ்வளவு பின்சிதறுகிறது என்பது ஒன்று, போகும் வழியிலும் வரும் வழியிலும் எவ்வளவு ஒளி மங்கியது என்பது மற்றொன்று. நம்மிடம் இருப்பதோ ஒரே எண். ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. 1980-களில் கிளெட், ஃபெர்னால்டு போன்றவர்கள் தந்த தீர்வுகள், இந்த இரண்டுக்கும் இடையே உள்ள விகிதத்தை நாம் முன்கூட்டியே சொன்னால்தான் வேலை செய்யும். கடல் உப்புக்கு ஒரு விகிதம், பாலைவனத் தூசிக்கு வேறு, புகைக்கு இன்னும் அதிகம். 2006 முதல் 2023 வரை பறந்த கலிப்சோ செயற்கைக்கோள், துகளின் வகையை முதலில் ஊகித்து, அதற்கேற்ற விகிதத்தை எடுத்துக்கொண்டது. தளவிளைவு (ஒளி அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது) மாறுவதையும் அது அளந்ததால் ஊகம் கொஞ்சம் பலப்பட்டது. உருண்டையான நீர்த்துளி தளவிளைவை மாற்றாது. பனிப்படிகமும் மணல் தூசியும் மாற்றும்.

ஊகிக்காமல் அளக்கவும் வழி உண்டு. நைட்ரஜன் மூலக்கூறு ராமன் சிதறலால் 355-ஐ 387 நானோமீட்டராகவும், 532-ஐ 607 ஆகவும் மாற்றி அனுப்பும். தூசி அப்படிச் செய்யாது. நைட்ரஜன் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த நிறத்தில் எவ்வளவு குறைந்து வருகிறதோ, அது வழியில் மங்கியதன் நேரடி அளவு. திருச்சிக்காரரான ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட விளைவு இன்று உலகெங்கும் லைடார்களில் வேலை செய்கிறது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. 1999-இல் இந்தியப் பெருங்கடல் ஆய்வின்போது மாலத்தீவின் ஹுல்ஹுலேயில் ஒரு ராமன் லைடாரை வைத்தார்கள். நம் துணைக்கண்டத்திலிருந்து கடலுக்குப் போகும் புகைமூட்டம் 3, 4 கிலோமீட்டர் உயரம் வரை அடுக்கடுக்காக இருந்ததை அது காட்டியது. தரையில் மட்டும் அளந்திருந்தால் பாதி தெரியாமலே போயிருக்கும்.

ராமன் ஒளி மிகவும் மங்கலானது, விண்வெளியிலிருந்து கடினம். அங்கே ஏயோலஸ் செய்தது போல அகன்ற மூலக்கூறு மேட்டையும் கூர்மையான தூசிக் கோட்டையும் வடிகட்டியால் பிரிக்கலாம். 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய எர்த்கேர் கோளின் லைடார் இந்த முறையில்தான் இயங்குகிறது. அதுவும் 355 நானோமீட்டர்.

வங்கக்கடல் எழுதியது:

அப்படியானால் எர்த்கேர் காற்றையும் அளக்குமா?

ஒளித்துகள் எழுதியது:

அளக்காது. அதன் லைடார் தூசிக்கும் மேகத்துக்குமானது. கூடவே இருக்கும் மேக ரேடாரில் டாப்ளர் உண்டு, அது மேகத்துக்குள் துளிகள் மேலேறுவதையும் கீழிறங்குவதையும் சொல்லும். கிடைக்காற்றுக்கு ஏயோலஸ்-2 வர வேண்டும், 2030-களின் நடுப்பகுதிக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதுவரை தெளிந்த காற்றின் வேகத்தை விண்வெளியிலிருந்து லேசரால் அளக்கும் ஐரோப்பியக் கோள் மேலே இல்லை.

வங்கக்கடல் எழுதியது:

இவ்வளவு பலன் காட்டிய பிறகும் பத்தாண்டு இடைவெளி என்பது வருத்தமாக இருக்கிறது. வங்கக் கடலில் அடுத்தடுத்துப் புயல்கள் வரும் காலத்தில், கோள் ஒன்றை இறக்கும் முன்பே அடுத்தது தயாராக இருந்திருக்க வேண்டும்.

ஏயோலஸ் தரவு 2020 மே 12 அன்று எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அம்பன் புயல் மே 20 அன்று மேற்கு வங்கத்தில் கரை கடந்தது. அந்த வாரத் தரவை எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

ஒளித்துகள் எழுதியது:

முதல் வெளியீட்டை எடுக்காதீர்கள், பிறகு மறுசெயலாக்கம் செய்த பதிப்பை எடுங்கள். கோள் உள்ளூர் நேரப்படி காலை 6, மாலை 6 மணி வாக்கில்தான் கடக்கும். அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையே தூரம் அதிகம், புயலின் மையத்துக்கு மேலேயே போயிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தடித்த மேகத்துக்குள் லேசர் நுழையாது. எனவே புயலின் உச்சியில் வெளியேறும் காற்றும், சுற்றியுள்ள தெளிந்த பகுதியின் காற்றும்தான் கிடைக்கும். புயலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தீர்மானிப்பதில் அந்தச் சுற்றுப்புறக் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

தரவில் தெளிந்த காற்றின் மூலக்கூறு அளவீடு, மேகத் துகள் அளவீடு என்று இரண்டு வகை இருக்கும். இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கணித்த பிழை கொடுத்திருப்பார்கள், மூலக்கூறு வகையில் 8 மீட்டருக்கு மேல் பிழையுள்ளதை ஒதுக்கிவிடுங்கள். கிடைப்பது ஏறக்குறைய கிழக்கு மேற்குத் திசைக் கூறு மட்டுமே, முழுக் காற்று இல்லை. விசாகப்பட்டினம், புவனேசுவரம் பலூன் தரவோடு ஒப்பிடும்போது அவற்றின் காற்றையும் அதே திசைக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வரைந்ததும் இங்கேயே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.